சான் பிரான்சிஸ்கோவில் கார் ஓட்டுவதும் நிறுத்துவதும்: புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ திருமணமாகியோ இந்த ஊருக்கு வந்து சேர்கிறவர்கள் முதல் சில மாதங்களில் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டும் விதிகள் கலிஃபோர்னியா மாநிலத்தினுடையவை. அவற்றைக் கற்றுக்கொள்வது கடினமில்லை. நிறுத்தும் விதிகளில் பெரும்பகுதி நகரத்தினுடையவை. பணம் போவது அங்கேதான். பக்கத்து ஊர்களான ஃப்ரீமாண்ட்டிலோ சன்னிவேலிலோ வருஷக்கணக்காக ஓட்டிப் பழகியவர்கள்கூட சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு சனிக்கிழமை வந்துவிட்டு டிக்கெட்டோடு, அதாவது அபராதச் சீட்டோடு, திரும்புவது இதனால்தான்.

நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டலாமா?

சுற்றிப் பார்க்க வந்தவர் ஓட்டலாம். செல்லுபடியாகும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஆனால் வீடு எடுத்து, வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே இருக்கப்போகிறோம் என்று வந்தவர் சட்டப்படி கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர். அவர் 10 நாட்களுக்குள் இந்த மாநில லைசென்ஸுக்குப் போக வேண்டும். "ஒரு வருஷம் வரை ஓட்டலாமாம்" என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வேறு மாநிலங்களின் விதி காதில் விழுந்து அப்படிப் பரவிவிட்டது.

ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதாதா?

போதாது. கலிஃபோர்னியா அதைத் தனி லைசென்ஸாக ஏற்பதில்லை. மூல லைசென்ஸின் மொழிபெயர்ப்பாக மட்டும்தான் அது பயன்படும். வாடகைக் கார் எடுக்கும்போது சில இடங்களில் கேட்பார்கள், அதற்காக வைத்திருக்கலாம். அசல் லைசென்ஸ் இல்லாமல் அதை மட்டும் நீட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறேன். சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். அந்த எண்ணைப் பெறத் தகுதி இல்லாதவர்களுக்கும் லைசென்ஸ் உண்டு. பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), இங்கே வசிப்பதற்கான முகவரிச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மாநில வாகனத் துறையான டிஎம்வியின் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் குடியேற்ற விவரத்தை அவர்கள் மத்திய அரசின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குச் சில நேரம் நாளாகும். லைசென்ஸின் காலம் பொதுவாக உங்கள் ஐ-94 முடியும் தேதியோடு சேர்ந்தே முடியும். விசா நீட்டிப்பு வந்தால் லைசென்ஸையும் நீட்டிக்க மறந்துவிடாதீர்கள். இது நிறைய பேருக்கு நழுவிப்போகும் விஷயம்.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: வந்த முதல் மாதத்திலேயே லைசென்ஸ் வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை. வங்கியிலும் மருத்துவமனையிலும் கணவரின் அட்டையை நம்பி நிற்காமல், உங்கள் பெயரில் ஓர் அடையாள அட்டை கையில் இருக்கும்.

தேர்வு எப்படி இருக்கும்?

பெரியவர்களுக்கு எழுத்துத் தேர்வில் 36 கேள்விகள். 30 சரியாக இருக்க வேண்டும். டிஎம்வி கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒரு தடவை முழுதாகப் படித்தாலே போதும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. தேறியதும் பயிற்சி அனுமதி கொடுப்பார்கள். அதை வைத்து ஓட்டும்போது பக்கத்தில் கலிஃபோர்னியா லைசென்ஸ் உள்ள, 18 வயது நிரம்பிய ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஓட்டும் தேர்வுக்குக் காரை நீங்களே கொண்டுபோக வேண்டும். பதிவும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும், பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரிய வேண்டும். நம் ஊரில் பல வருஷம் ஓட்டியவர்கள் இந்தத் தேர்வில் தோற்பதற்கு இரண்டே காரணங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேள்விப்படுகிறேன். ஒன்று, ஸ்டாப் பலகையில் வண்டியை மெதுவாக்கிவிட்டு அப்படியே நகர்வது. சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். இரண்டு, லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்ப்பது. தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்தது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். கையால் காட்டும் சைகைகளையும் கேட்பார்கள்: கையை நேராக நீட்டினால் இடது, முழங்கையை மடக்கி மேலே தூக்கினால் வலது, கீழே இறக்கினால் நிற்கப்போகிறேன்.

வந்ததும் கார் வாங்கிவிடலாமா?

சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குள்ளேயே வீடு என்றால், அவசரப்படாதீர்கள். முனி பேருந்தும் பார்ட் ரயிலும் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தில் கராஜ் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பக்கத்தின் பின்பாதி முழுவதையும் வாரா வாரம் நினைவில் வைத்துக்கொண்டே வாழ வேண்டியிருக்கும்.

பழைய கார் வாங்கினால் 10 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு டிஎம்விக்குப் போக வேண்டும். புகைச் சோதனைச் சான்றிதழை வாங்கித் தருவது பொதுவாக விற்கிறவர் பொறுப்பு. அதை "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தள்ளுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

காப்பீடு எவ்வளவுக்கு எடுக்க வேண்டும்?

2025 ஜனவரி 1 முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் இது: ஒருவரின் காயத்துக்கோ மரணத்துக்கோ 30,000 டாலர், ஒரு விபத்தில் மொத்தமாக 60,000, பிறர் பொருள் சேதத்துக்கு 15,000. இந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த ஊர்த் தெருக்களில் நிற்கும் சாதாரணக் கார் ஒன்றை இடித்தாலே 15,000 டாலர் போதாமல் போகலாம். மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, இடிக்கிறவரிடம் காப்பீடு இல்லாமலோ போதாமலோ இருந்தால் உங்களுக்குக் கைகொடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் நீக்குவார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள்.

நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை இருக்கிறது. யார் முதலில் போவது?

முதலில் வந்து நின்றவர் முதலில். இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் நிற்பவருக்கு வழி. எதிரெதிரே நிற்கும்போது ஒருவர் நேராகப் போகிறார், மற்றவர் இடது திரும்புகிறார் என்றால், திரும்புகிறவர் காத்திருக்க வேண்டும். ஹாரன் அடிக்க வேண்டாம். இங்கே ஹாரன் ஆபத்தைத் தவிர்ப்பதற்கு மட்டும். சாலையைக் கடக்க யாராவது நின்றால் இந்த வரிசையெல்லாம் அப்புறம்தான். அவர் போன பிறகே வண்டி நகர வேண்டும். கோடு போடாத தெருமுனையும் சட்டத்தின் பார்வையில் கடக்கும் இடம்தான்.

சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பலாம் என்கிறார்களே?

முழுதாக நின்று, பார்த்து, யாரும் இல்லையென்றால் திரும்பலாம். ஆனால் நகரத்தின் மையப் பகுதியிலும் டெண்டர்லாயின் பகுதியிலும் பல முனைகளில் சிவப்பில் திரும்பக் கூடாது என்ற பலகை இருக்கிறது. சிக்னலுக்குப் பக்கத்தில் கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டே திரும்புங்கள். சிவப்பில் நிற்காமல் நேராகப் போனதற்கான அபராதம், எல்லாக் கட்டணமும் சேர்ந்து, 500 டாலரை ஒட்டி வரும்.

சைக்கிள் லேன், கேபிள் கார், பள்ளிப் பேருந்து: இவற்றுக்கெல்லாம் என்ன விதி?

வலது திரும்பும்போது சைக்கிள் லேனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரும்பக் கூடாது. திருப்பத்துக்கு முந்தைய 200 அடிக்குள், கோடு விட்டுவிட்டு வரும் இடத்தில், பின்னால் பார்த்துவிட்டு அந்த லேனுக்குள்ளேயே சேர்ந்து அங்கிருந்து திரும்ப வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இது தப்புப் போலத் தோன்றும். பின்னால் வரும் சைக்கிள்காரர் உங்கள் வலது பக்கம் புகுந்து அடிபடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. சக்கரத்தால் மட்டுமல்ல, கதவாலும் சைக்கிள்காரர்கள் விழுகிறார்கள். நிறுத்திய காரின் இடது கதவைத் திறப்பதற்கு முன் பின்னால் பாருங்கள்.

கேபிள் காரோ (தெருத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி) தெரு டிராமோ ஆள் ஏற்றி இறக்க நின்றால், தெரு நடுவில் பயணிகள் நிற்கத் தனி மேடை இல்லாத இடத்தில் நீங்களும் பின்னால் நிற்க வேண்டும். மேடை இருந்தால் 10 மைலுக்கு மிகாத வேகத்தில் தாண்டலாம்.

மஞ்சள் பள்ளிப் பேருந்தில் சிவப்பு விளக்கு மின்னினால் இரு திசையிலும் நிற்க வேண்டும். நடுவில் தடுப்பு இருந்தாலோ ஒவ்வொரு திசைக்கும் இரண்டு அல்லது அதற்கு மேல் லேன் இருந்தாலோ மட்டும் எதிர்த்திசையில் வருகிறவர் போகலாம்.

வேகக் கேமரா வந்துவிட்டதாமே?

ஆமாம். கலிஃபோர்னியாவிலேயே முதலில் வந்தது இந்த நகரத்தில்தான். 2025-ல் 33 இடங்களில் வைத்தார்கள். எல்லையைவிட 11 மைல் அதிகமானால் 50 டாலரில் தொடங்கி, வேகம் ஏற ஏற அபராதமும் ஏறும். காரின் உரிமையாளர் பெயருக்கு வரும், லைசென்ஸில் புள்ளி (தப்பாக ஓட்டியதற்குப் பதிவில் ஏறும் கணக்கு) விழாது. குடியிருப்புத் தெருக்களில் பொதுவாக 25 மைல். கடைத்தெருக்கள் பலவற்றில் 20. பள்ளிகள் பலவற்றின் அருகே 15.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா? பக்கத்துத் தெருவுக்குத்தானே?

கூடாது. 8 வயதுக்குக் குறைந்த குழந்தை பின் இருக்கையில், அதற்கான கார் சீட்டிலோ, உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரிலோதான் உட்கார வேண்டும். உயரம் 4 அடி 9 அங்குலத்தைத் தொட்டுவிட்டால் பெல்ட் போதும். 2 வயது வரை பின்பக்கம் பார்த்த சீட். குழந்தை 40 பவுண்டு எடையோ 40 அங்குல உயரமோ எட்டியிருந்தால்தான் இதற்கு விலக்கு. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி "குழந்தை அழுகிறதே, எடுத்துக் கொடு" என்பார். வண்டியை ஓரமாக நிறுத்தி எடுங்கள். ஓடும் காரில் வேண்டாம்.

போலீஸ் விளக்குப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தால்?

இண்டிகேட்டர் போட்டு வலது ஓரம் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். நம் பழக்கத்தில், மரியாதைக்காக இறங்கிப்போய்ப் பேசத் தோன்றும். இங்கே இறங்குவதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள். அவர் கேட்ட பிறகு, "லைசென்ஸ் பையில் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. பதில் சொல்ல வருவேன் என்ற வாக்குறுதி மட்டுமே.

நடைபாதை ஓரத்தில் விதவிதமான வண்ணங்கள் இருக்கின்றனவே?

நடைபாதையின் ஓரக்கல்லை இங்கே கர்ப் என்பார்கள். அதன் வண்ணத்தைப் படிக்காமல் இந்த ஊரில் கார் வைத்திருக்க முடியாது.

சிவப்பு என்றால் எந்த நேரமும் நிற்கவே கூடாது, ஆள் இறக்குவதற்கும்தான். மஞ்சள், சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு. வெள்ளை, ஆள் ஏற்றி இறக்க, 5 நிமிடம். அங்கே பெரும்பாலும் ஓட்டுநர் காரை விட்டுப் போகக் கூடாது. "சாப்பாட்டுப் பார்சலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று உள்ளே போகும் இடம் அதுவல்ல. அதற்குப் பச்சை: குறுகிய நேரத்துக்கு, எத்தனை நிமிடம் என்று அங்கேயே எழுதியிருக்கும். நீலம், மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். மீறினால் அபராதம் பல நூறு டாலர்.

மஞ்சள், வெள்ளை, பச்சை மூன்றுக்கும் நேரம் உண்டு. கர்ப்பின் மேலேயோ பக்கத்துப் பலகையிலேயோ எழுதியிருக்கும். அந்த நேரத்துக்கு வெளியே யாரும் நிறுத்தலாம். இரவில் இடம் தேடி அலைகிறவர்களுக்கு இது பெரிய உதவி. நிறுத்துவதற்குப் பணம் கட்டும் மீட்டரின் தலையிலும் வண்ணம் உண்டு: சாம்பல் பொதுவானது, மஞ்சளும் சிவப்பும் சரக்கு வண்டிக்கு.

மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்தைத் திருப்பாவிட்டால் டிக்கெட்டா?

ஆமாம். ஹைட் தெருவுக்கும் லெவன்வொர்த் தெருவுக்கும் நடுவே ஃபில்பர்ட் தெரு 31.5 சதவீதச் சரிவு. அப்படிப்பட்ட ஊர் இது. சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினாலே சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. 3 சதவீதம் கண்ணுக்குச் சமதளம் போலத்தான் தெரியும். அதனால் எங்கே நிறுத்தினாலும் திருப்பிவிடும் பழக்கம் நல்லது.

கார் இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன்சக்கரம் கர்ப்பை நோக்கி. மேட்டைப் பார்த்து நின்றால் கர்ப்பிலிருந்து விலகி, தெருவை நோக்கி. கார் மெல்லப் பின்னால் உருண்டு, சக்கரம் கர்ப்பைத் தொட்டு நிற்கும்படி விடுங்கள். ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். பிரேக் தோற்றாலும் கர்ப் காரைப் பிடித்துக்கொள்ளும். கீழே நடந்து போகிறவர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. டிக்கெட்டுக்குப் பயந்து மட்டும் செய்ய வேண்டிய காரியமல்ல இது.

எதிர்ப்பக்கம் இடம் காலியாக இருந்தால் அப்படியே திருப்பி நிறுத்தலாமா?

கூடாது. போக்குவரத்து போகும் திசையிலேயே கார் நிற்க வேண்டும், சக்கரம் கர்ப்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

தெருவைக் கூட்டும் நேரம் என்ற பலகையை எப்படிப் படிப்பது?

இந்த ஊரில் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்வது இதில்தான். தெருவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி நாள், தனி நேரம். சில தெருக்களில் வாரா வாரம், சிலவற்றில் மாதத்தின் முதல் மற்றும் மூன்றாவது செவ்வாய் என்பது போல இருக்கும். இரண்டாவது செவ்வாயா மூன்றாவது செவ்வாயா என்பதை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அபராதம் 100 டாலரை ஒட்டி இருக்கும். கூட்டும் வண்டிக்கு முன்னாலேயே டிக்கெட் போடுகிறவரும் வருவார். கூட்டும் வண்டி உங்கள் பக்கத்தைக் கூட்டிவிட்டுப் போய்விட்டால், பலகையின் நேரம் முடியாவிட்டாலும் அங்கே நிறுத்தலாம். அதனால்தான் அந்த நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து காத்திருக்கும் ஆட்களைப் பார்ப்பீர்கள்.

ஒரே கம்பத்தில் மூன்று பலகை இருந்தால் மூன்றும் செல்லும். ஒன்றில் "2 மணி நேரம் நிறுத்தலாம்" என்று இருக்கும், அடுத்ததில் கூட்டும் நேரம், மூன்றாவதில் மாலை 4 முதல் 6 வரை இழுத்துச் செல்லப்படும் என்று. நேரம் தொடங்கிய அடுத்த நிமிடமே டோ வண்டி வரும் தெருக்கள் இவை. கட்டட வேலைக்கோ வீடு மாற்றுவதற்கோ ஒட்டிய தற்காலிகத் தாள்களுக்கும் அதே மரியாதை கொடுங்கள். நீங்கள் நிறுத்திய பிறகுகூட ஒட்டியிருக்கலாம். ஆகவே தெருவில் விட்ட காரைத் தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

குடியிருப்போர் பெர்மிட் வாங்கிவிட்டால் கவலை இல்லைதானே?

பாதிக் கவலை போகும். நகரத்தின் பல பகுதிகளுக்குப் பெர்மிட்டுக்கென்று ஓர் எழுத்து அடையாளமாக உண்டு. உங்கள் பகுதியின் பெர்மிட் இருந்தால் அங்குள்ள 2 மணி நேரக் கட்டுப்பாடு உங்களுக்குக் கிடையாது. அவ்வளவுதான். கூட்டும் நேரத்தில் நகர்த்தியே ஆக வேண்டும். ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் விடவும் கூடாது. டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: மூன்று வாரத்துக்குக் காரைத் தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது. நண்பரின் கராஜையோ கட்டண நிறுத்துமிடத்தையோ விமான டிக்கெட் எடுக்கும்போதே பேசி வையுங்கள்.

பெர்மிட்டுக்குக் கார் உங்கள் சான் பிரான்சிஸ்கோ முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து காரோடு வந்தவர்கள், குடியேறி 20 நாட்களுக்குள் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

என் வீட்டு கராஜ் வாசல்தானே, அங்கே நிறுத்தலாமா?

கட்டடத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் இல்லாமல், காரும் அந்த முகவரியிலேயே பதிவாகியிருந்தால், வாசலின் குறுக்கே தெருவில் நிறுத்தலாம். ஆனால் காரின் எந்தப் பகுதியும் நடைபாதை மேல் இருக்கக் கூடாது. கராஜ் முன்னே இரண்டு அடி நீட்டிக்கொண்டிருந்தாலும் தப்பு. சக்கர நாற்காலியில் வருகிறவரும் தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவரும் அம்மாவும் அதற்காக நடுத்தெருவில் இறங்க வேண்டியிருக்கும். அடுத்தவர் வாசலை ஓரங்குலம் மறைத்தாலும், அவர் ஒரு போன் செய்தால் போதும், கார் போய்விடும்.

தெருமுனையில் சிவப்பு அடிக்கவில்லை. நிறுத்தலாமா?

2025 முதல் நடைமுறையில் இருக்கும் மாநிலச் சட்டப்படி, கடக்கும் இடத்துக்கு நீங்கள் வந்து சேரும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. சிவப்பு அடித்திருக்கிறதா என்று தேட வேண்டாம், ஒரு கார் நீளத்துக்கு மேல் விட்டுவிடுங்கள். முனையில் ஒரு வேன் நின்றால், சாலையைக் கடக்க இறங்கும் சிறு பிள்ளை வருகிற ஓட்டுநரின் கண்ணில் படாது. தீயணைப்புக் குழாய்க்கு 15 அடி.

மீட்டர் பழுதாக இருந்தால்?

பலகையில் சொன்ன நேர அளவு வரை பணம் கட்டாமல் நிறுத்தலாம். ஆனால் நாணயம் போடும் இடமும் அட்டை போடும் இடமும் இரண்டுமே வேலை செய்யாமல் இருக்க வேண்டும். மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எண் தெரிகிற மாதிரி.

டிக்கெட் வந்துவிட்டது. தப்பு என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

21 நாட்களுக்குள் கட்ட வேண்டும் அல்லது மறுப்புத் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே எழுதலாம். பலகை மரக்கிளையில் மறைந்திருந்தது, கர்ப் வண்ணம் அழிந்திருந்தது என்பதெல்லாம் படத்தோடு சொன்னால் எடுபடும். "புதிதாக வந்திருக்கிறேன், தெரியாது" என்பது எடுபடாது. முதல் பரிசீலனையில் தள்ளுபடி ஆகாவிட்டால் அதிகாரி முன் விசாரணை கேட்கலாம். நிறுத்தும் டிக்கெட்டால் லைசென்ஸில் புள்ளி விழாது, விசாவுக்கும் பாதிப்பில்லை. ஆனால் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும், காரின் பதிவைப் புதுப்பிக்க விடமாட்டார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத் தவணைத் திட்டம் உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

காரையே காணவில்லை என்றால் முதலில் நகரத்தின் உதவி எண்ணான 311-ஐ அழையுங்கள். திருட்டை நினைத்துப் பதறுவதற்கு முன், இழுத்துப் போயிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளலாம். அன்றே போய் எடுத்துவிடுங்கள், நிறுத்திவைக்கும் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும்.

காரில் பையை விட்டுவிட்டுப் போகலாமா?

எதையும் விடாதீர்கள். காலிப் பையும், சார்ஜர் கம்பியும்கூட வேண்டாம். பாஸ்போர்ட்டும் லேப்டாப்பும் காரில் இருந்து கண்ணாடி உடைந்து போனால், டிக்கெட்டெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். கோல்டன் கேட் பாலத்தின் பார்வை மேடைக்கு விருந்தினரை அழைத்துப் போகும்போது இன்னும் கவனம். போய்ச் சேர்ந்த பிறகு டிக்கியைத் திறந்து பொருளை உள்ளே வைத்தால் பார்க்கிறவன் பார்ப்பான். கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

பாலத்தில் சுங்கம் எங்கே கட்டுவது?

கோல்டன் கேட் பாலத்தில் 2013 முதல் பணம் வாங்கும் ஆளே கிடையாது. நகரத்துக்குள் வரும் திசையில் மட்டும் சுங்கம். பே பாலத்திலும் நகரத்தை நோக்கி வரும்போது மட்டும்தான். ஃபாஸ்ட்ராக் என்ற மின்னணுச் சுங்கக் கணக்கைத் திறந்து கார் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். வீடு மாறினால் முகவரியையும் மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் போன சுங்க ரசீதுகள் அபராதத்தோடு வரும்.

விபத்து நடந்துவிட்டால்?

நில்லுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 911. பெயர், லைசென்ஸ், காப்பீடு, கார் எண் ஆகியவற்றை இருவரும் பரிமாறிக்கொள்ளுங்கள், படம் எடுங்கள். காயமோ 1,000 டாலருக்கு மேல் சேதமோ இருந்தால், யார் தப்பாக இருந்தாலும், 10 நாட்களுக்குள் டிஎம்விக்கு எஸ்ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவம் அனுப்ப வேண்டும். நிறுத்தியிருந்த காரை இடித்துவிட்டு உரிமையாளரைக் காணவில்லை என்றால், உங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டைக் காரில் வைத்துவிட்டுப் போலீஸுக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் அது குற்ற வழக்கு.

ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டலாமா?

வேண்டாம். சட்டத்தின் எல்லை 0.08 சதவீதம், ஆனால் அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டும் நிலையில் இல்லை என்று பிடிக்கலாம். விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பெரிய விஷயம்: குடித்து ஓட்டியதற்காகக் கைது ஆனாலே, தீர்ப்பு வருமுன்பே, தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். அடுத்து ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வர, புதிதாக விசா வாங்க வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி விற்கப்பட்டாலும் அதற்கும் இதே விதிதான். விருந்து முடிந்து நேரமாகிவிட்டால் வாடகைக் கார் கூப்பிடுங்கள். உங்கள் காரை எங்கே விட்டீர்களோ அந்தத் தெருவில் மறுநாள் காலை கூட்டும் நேரம் எப்போது என்று பலகையைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.